தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் குடும்ப நலப் பிரிவில் பணியாற்றும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எனக்கு வயது 42. இராஜபாளையத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஊர்களுள் ஒன்றில் இருக்கிறேன். ஒரு தறிக்கூடத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. இந்த நாட்டில் எந்தப் பிரசவ அறைக்குள் போனாலும் நம் பக்கத்துத் துணி ஒரு சுருளாவது இருக்கும் என்று எங்கள் முதலாளி பெருமையாகச் சொல்வார். இருக்கலாம். துணி போன இடத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

போன ஆண்டு எங்கள் தெருவுக்குக் கிராம சுகாதார செவிலியர் வந்தார். எங்களுக்கு அவர் நர்ஸம்மா. இருபது ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் இருப்பவர். யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பெரிய பதிவேட்டை எடுத்தார். அதன் பெயர் 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு'. மனைவிக்கு 15 முதல் 49 வயதுவரை உள்ள எல்லாத் தம்பதியரும் அதில் வர வேண்டும். ஆகவே நானும் வந்தேன்.

எத்தனை குழந்தைகள் என்ற கட்டத்தில் சுழியம் போட்டார். கடைசிக் குழந்தையின் வயது என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அதற்கு அடுத்து, கடைப்பிடிக்கும் முறை: மாத்திரையா, காப்பர்-டியா, ஆணுறையா, அறுவைச் சிகிச்சையா. அங்கேயும் கோடு. பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின்மேல் நின்றது. எழுத வேறு இடமில்லை. "சரிம்மா, கையெழுத்துப் போடு" என்றார்.

"எதற்குத் தகுதியுள்ள தம்பதியர் நர்ஸம்மா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அந்தப் பதிவேட்டின்மேல். அதை அச்சடித்து அனுப்புவது நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் ஆச்சி ஒன்பது பெற்று நான்கைப் புதைத்தவள். என் அம்மா மூன்றோடு நிறுத்திக்கொண்டதால்தான் நான் பி.காம். படித்தேன். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.4. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும் என்பார்கள். இந்த இறக்கத்துக்குப் பின்னால் உங்கள் துறையின் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணத்தை வரையாத சுவர் எங்கள் ஊரில் கிடையாது. குழந்தை வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அவள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு காசு செலவில்லாமல், அவளுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். பெற்றுக்கொண்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி கிடைக்கும். நிறுத்தவும் உதவி, பெற்ற பின்னும் உதவி. வேண்டும், ஆனால் வரவில்லை என்று நிற்கிறவளுக்கு மட்டும் அந்தப் பதிவேட்டில் எழுதக்கூட இடமில்லை.

நான் 36 வயதில் கல்யாணம் செய்துகொண்டேன். இதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு பதில் ஓடும்: படிப்பு, வேலை, சம்பளம் என்று இருந்துவிட்டு இப்போது வந்து நிற்கிறாள். மருத்துவர்கள் முகத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன். என் தாமதத்தில் சுகம் ஒன்றும் இல்லை. எனக்கு 23 வயதில் அப்பா தவறினார். தம்பியின் பாலிடெக்னிக், தங்கையின் நகை, அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை எல்லாம் முடிய 13 ஆண்டுகள் ஆயின. எங்கள் பக்கத்தில் தறிக்கூடங்களிலும் மில்களிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் என்னைப் போல மூத்த பெண்கள் எத்தனையோ பேர். வீட்டைக் கரையேற்றிவிட்டுத்தான் அவர்கள் தங்கள் கழுத்தை நீட்டுகிறார்கள். அவர்களைத் தாமதம் செய்தவர்கள் என்று சொல்லாதீர்கள், தாமதப்படுத்தப்பட்டவர்கள் என்று சொல்லுங்கள்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எது என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று பிறகு பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன். "ஒரு வருஷம் பாருங்கள்" என்று சொல்லி, ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 25 வயதுப் பெண்ணுக்கு அது சரியான ஆலோசனை. 35ஐத் தாண்டியவருக்கு ஆறு மாதத்திலேயே பரிசோதனைகளைத் தொடங்க வேண்டும், 40ஐத் தாண்டியவருக்குக் காத்திருக்கவே வேண்டாம் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை. எனக்கு அது தெரியாது. சீட்டு எழுதியவர் என் வயதைச் சீட்டில் எழுதினார், எழுதியதைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வருஷம் முடிந்ததும் இன்னொரு எட்டு மாதம் வேறொரு இடத்தில் போயிற்று. மாதம் ஒரு மாத்திரைக் கட்டு, மாதம் ஒரு ஸ்கேன். எனக்கு மட்டும். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அவரை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதியரிடம் ஆணின் தரப்பிலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். ஊசி இல்லை, கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆனாலும் கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் வரை, அந்த வலியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் வரை, அவருக்கு ஒரு பரிசோதனையும் எழுதப்படவில்லை. கடைசியில் எழுதியபோது விந்தணுக்களின் ஓட்டம் குறைவு என்று வந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது, 20 மாதம் கழித்துத் தெரிந்தது.

அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பவில்லை. எங்கள் அத்தை, அதாவது அவருடைய அம்மா, எனக்காக ஆண்டுதோறும் சஷ்டி விரதம் இருக்கிறவர். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று அடிக்கடி சொல்வார். யாருடைய அகப்பையைப் பற்றிய பேச்சு என்பது தெருவுக்கே தெரியும். அந்த முறை அவர் விரதத்துக்கு ஆயத்தம் செய்தபோது என் வீட்டுக்காரர், "இந்த வருஷம் நானும் இருக்கிறேன் அம்மா, எனக்கும் தேவைதான்" என்றார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பழமொழி எங்கள் வீட்டில் ஒலிக்கவில்லை. ஒரு காகித முடிவுக்கு இவ்வளவு வலிமை இருக்கும்போது, அதைத் தருகிற பரிசோதனையை ஏன் இவ்வளவு பின்னால் வைக்கிறீர்கள்?

20 மாதம் என்பது 25 வயதில் சிறிய காலம். என் வயதில் அது மூலதனத்தையே தின்றுவிடும். நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது கணக்காகத்தான் புரிகிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சுகிறது. 37 வயது வாக்கில் 25,000 அளவுக்கு வந்துவிடும். ஆரம்ப இருப்பு மட்டும் உண்டு, வரவே கிடையாது, செலவு மட்டும் தினமும் எழுதப்படுகிறது. மிஞ்சியிருக்கும் சரக்கிலும் வயது ஏற ஏறக் குரோமோசோம் பிழைகள் கூடுகின்றன. இந்த இருப்பைத் தோராயமாகச் சொல்ல ஏ.எம்.ஹெச். என்ற ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எனக்கு அதை எடுத்தபோது வயது 38 முடிந்திருந்தது. 0.7 என்று வந்தது, அதாவது இருப்பு குறைவு. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று அவசரக்காரியைக் கேலி செய்வார்கள். எனக்கு எப்போதும் அவள் கட்சிதான். சிலருக்கு அவசரப்படுவதைத் தவிர வேறு வழி விடப்படவில்லை.

பிறகு தனியாரிடம் போனோம். பெருநகரம் ஒன்றில், வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று குழந்தைகள் சிரிக்கும் ஒரு மையம். முதல் நாளே 'பேக்கேஜ்' என்றார்கள். சோதனைக்குழாய் முறையில் ஒரு சுற்றுச் சிகிச்சைக்கு 1,60,000 ரூபாய். பேக்கேஜில் என்னென்ன இல்லை என்பதைத் தவணை முறையில் தெரிந்துகொண்டோம். கருமுட்டை வளர்க்கும் ஊசிகள் தனி, 68,000 ரூபாய். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை தனி. மயக்க மருந்து மருத்துவர் தனி. எங்களுக்கு வெற்றிபெறும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். "எங்கள் மையத்தில் 65 சதவீதம் மேடம்" என்றார் ஆலோசகர். எந்த வயதுக்கு என்று கேட்டேன். "எல்லாம் சேர்த்து" என்றார்.

எல்லாம் சேர்த்து என்ற கணக்கு எங்கள் தறிக்கூடத்தில் செல்லாது. 28 வயதுக்காரியின் வெற்றியை என் தோல்வியோடு கூட்டி இரண்டால் வகுத்து என்னிடம் விற்கிறார்கள். 40ஐத் தாண்டியவருக்குச் சொந்தக் கருமுட்டையோடு ஒரு சுற்றில் குழந்தை கைக்கு வருவது பத்தில் ஒருவருக்கு என்றால் அதுவே நல்ல கணக்கு. 43, 44இல் அதுவும் கரைந்துவிடுகிறது. இதை யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதுவிட்டு, இரண்டாவது சுற்றுக்குப் பணம் கட்டுவதா என்பதையாவது தெளிவாக யோசித்திருப்பேன். 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பையும் செலவையும் பக்கவிளைவுகளையும் தம்பதியருக்கு எடுத்துச் சொல்லும் கடமையை மையங்கள்மேல் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி மையங்களைப் பதிவு செய்வதும் கண்காணிப்பதும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. காய்கறிச் சந்தையில்கூட விலைப்பலகை இருக்கிறது. 35க்குக் கீழ் இவ்வளவு, 35 முதல் 39 வரை இவ்வளவு, 40க்கு மேல் இவ்வளவு என்று ஒரு பலகையை ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் மாட்டச் சொல்ல உங்களுக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

பணம் எப்படிப் புரட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. மீதிக்கு மகளிர் குழுக் கடன். கடன் மனுவில் என்ன காரணம் என்று ஒரு வரி இருக்கும். எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதினாலும் தருவார்களா என்பது சந்தேகம். குழுத் தலைவி, "ஆடு வாங்க என்று போட்டுவிடு அக்கா, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்" என்றாள். போட்டேன். ஆட்டுக்குட்டிக்கு இந்த நாட்டில் கடன் உண்டு. இரண்டு ஆண்டு அந்த இல்லாத ஆட்டுக்குத் தவணை கட்டினேன்.

நான்கு முட்டைகள் கிடைத்தன. இரண்டு கருவாயின. ஒன்று ஐந்தாம் நாள்வரை வந்தது. அதை உள்ளே வைத்தார்கள். பதினான்காம் நாள் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது நான் கூடத்தில் மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதன் பிறகு தானக் கருமுட்டை என்றார்கள். இதைப் பற்றி என் கருத்து உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: சட்டம் இங்கே கறாராக இருப்பது சரி என்று நினைக்கிறேன். 23 முதல் 35 வயதுவரை உள்ள பெண் மட்டுமே தரலாம், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்குமேல் எடுக்கக் கூடாது, விலைக்கு விற்கக் கூடாது என்று இருக்கிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் மீண்டும் மீண்டும் கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு வெளியே வந்தபோது, நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் வயிற்றில் வளரும் பிள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கண்ணீரில் தொடங்க வேண்டாம். ஆனால் கறாரான சட்டத்தைப் போட்டுவிட்டு, அந்தச் சட்டத்துக்குள் நேர்மையாக நடக்கும் ஓர் அரசு வழியைத் திறக்காமல் விட்டால் என்ன ஆகும்? தானம் தருவோர் அரிதாவார்கள். அரிதானதன் விலை ஏறும். விலை ஏறினால் ஈரோடு மறுபடி எங்காவது நடக்கும். இரத்த தானத்துக்கு அரசு முகாம் நடத்துகிறது. உறுப்பு தானத்துக்கு வரிசை முறையை ஒழுங்காக நடத்தி நாட்டுக்கே முன்மாதிரி ஆனது தமிழ்நாடு. அதே ஒழுங்கு இதற்கும் வரட்டும்.

அரசு மையமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசு கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்ட செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிளறினேன். அதைத் தொடங்கியவர்களுக்கு என் நன்றி மனதார. அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செங்கோட்டையிலிருந்து கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் எங்கள் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. போவது ஒன்றும் கடினமில்லை. போன பிறகு? மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் தினம் ஊசி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன். முட்டை முதிர்ந்ததும் ஓர் ஊசி, அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. பிறகு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கரு வைப்பு. எப்படிச் சுருக்கினாலும் 20 நாள். சிகிச்சை இலவசமானாலும் 20 நாள் லாட்ஜ் வாடகை, 20 நாள் சம்பளப் பிடித்தம், அவர் வண்டி ஓடாத 20 நாள். முதலாளியிடம் என்ன காரணம் சொல்லி விடுப்புக் கேட்பது என்பது தனிக் கதை. பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு என்று சட்டம் இருக்கிறது. பிரசவம் வரை போய்ச் சேருவதற்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

இந்தியாவில் அறிவியல் ஆவணங்களோடு பதிவான முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எங்கே பிறந்தது தெரியுமா? 1986 ஆகஸ்ட் 6 அன்று, மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில். அது மாநகராட்சி மருத்துவமனை. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்களும் சேர்ந்து செய்த வேலை. அதற்கும் எட்டு ஆண்டு முன்பே, 1978இல், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் சாதித்துக் காட்டியதை அரசுக் குழு நம்ப மறுத்தது. அந்த மனிதர் 1981இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆக, இந்த மருத்துவம் இந்த நாட்டில் பொது மருத்துவமனையில்தான் ஏழைகளுக்கு நடுவே கண் விழித்தது. பிறகு அது எப்படிக் கண்ணாடிக் கதவுக்கும் குளிரூட்டிய அறைக்கும் போய்ச் சேர்ந்தது? தென்னிந்தியாவின் முதல் குழந்தை 1990இல் சென்னையில் பிறந்தது. தனியார் மருத்துவமனையில், டாக்டர் கமலா செல்வராஜின் கைகளில். அவருடைய சாதனை பெரியது. ஆனால் தமிழக அரசின் சொந்த மையம் வர அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் ஆயின. 1990இல் எனக்கு ஏழு வயதுகூட நிரம்பியிருக்காது.

இனி நான் கேட்க வந்தது. ஊருக்கு ஊர் ஆய்வகம் கட்டச் சொல்லவில்லை. கருவியல் ஆய்வகம் என்பது விலை உயர்ந்தது, தேர்ந்த கைகள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த 20 நாளில் ஆய்வகம் தேவைப்படுவது கடைசிச் சில நாள்களுக்கு மட்டும்தான். ஊசியும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எங்கள் மாவட்டத்திலேயே நடக்கக் கூடியவை. 2022 ஜனவரியில் விருதுநகர் உட்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தீர்கள். அங்கே மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஸ்கேன் இருக்கிறது. அங்கே எங்களைப் பார்த்து, முடிவுகளை எழும்பூருக்கு அனுப்பி, முட்டை எடுக்கும் நாளுக்கும் கரு வைக்கும் நாளுக்கும் மட்டும் எங்களை ரயில் ஏற்றினால் போதும். பிரிட்டன் போன்ற நாடுகளில் இப்படிக் கிளைகளாகப் பிரித்துச் செய்யும் முறை நெடுங்காலமாக நடக்கிறது. மதுரையிலும் ஒரு மையம் என்று அறிவிப்பு வந்ததே, அது முழுமூச்சாக நடந்தால் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ரயிலும் வேண்டாம், பஸ் போதும்.

அதற்கும் முன்னால், வாரத்தில் ஒரு நாள், ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் குழந்தைப்பேற்றுக்கான புறநோயாளர் பிரிவு ஒன்று. தம்பதி இருவரையும் சேர்த்தே பதியுங்கள். இருவரில் ஒருவர் வராவிட்டால் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 35 ஆகிவிட்டதென்றால் சீட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். தைராய்டு, காசநோயால் அடைபட்ட கருக்குழாய், ஆணின் விந்தணு என்று முதல் இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடக் கூடியவற்றைக் கண்டுபிடித்துவிட்டால், பாதிப் பேருக்கு எழும்பூரே தேவைப்படாமல் போகலாம். தேவைப்படுகிறவர்களும் நேரத்தோடு போய்ச் சேருவார்கள்.

மருந்து விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மொத்தமாக வாங்கினால் மருந்து விலை எப்படிச் சரியும் என்று இந்தியாவுக்கே காட்டியவர்கள் நீங்கள். என்னிடம் 68,000 ரூபாய் வாங்கிய அதே ஊசியைக் கழகம் டெண்டர் போட்டு வாங்கினால் என்ன விலைக்கு வரும் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று இரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறீர்கள். நல்லது. என் அம்மா வாங்குகிறாள். அந்தப் பையில் எனக்கும் ஒன்று வைக்கலாம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் கருத்தரிப்புச் சிகிச்சையை விலக்குப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. அதில் ஒரே ஒரு சுற்றுக்கு, அட்டை உள்ள வீட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இடம் தர முடியுமா என்று உங்கள் நிதித் துறையிடம் கேளுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் யாராவது, "புற்றுநோய்க்கே பணம் போதவில்லை, இது உயிர் போகிற நோயா?" என்பார். உயிர் போகிற நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று சொன்னபோது, இதை நோய் என்றே எழுதியது. இன்னொருவர், "தத்தெடுக்கலாமே" என்பார். அதைச் சொல்பவரிடம் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கேள்வி உண்டு. நீங்கள் அந்த விதிகளைப் படித்திருக்கிறீர்களா? 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளில் கணவன் மனைவி வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டுமென்றால் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. எங்கள் கூட்டு வயது 86. வரிசையோ பல ஆண்டுக்கு நீள்கிறது. நாங்கள் பதிந்திருக்கிறோம், எங்கள் பெயருக்கு நேரே நான்கு வயதுவரை உள்ள குழந்தை என்று மாற்றி எழுதியிருக்கிறோம். அங்கேயும் வயதுதான் ஓடுகிறது, வரிசை ஓடவில்லை.

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண மேடையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், முன்பெல்லாம் பொறுமையாகப் பெற்றுக்கொள்ளச் சொல்வோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் சொன்னார். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாடு இடங்களை இழக்கும் என்ற கவலையில் வந்த பேச்சு; கவலை நியாயமானது. அதை டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுக்காரர், "நாம் தயார்தான், அரசாங்கம் தயாரா என்று கேள்" என்றார். அவர் சொன்னதால்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

சட்டம் பெண்ணுக்கு 50 வயதுவரை கதவைத் திறந்து வைத்திருக்கிறது. என் உடல் அவ்வளவு பெருந்தன்மையானதில்லை. நீங்கள் கோப்பை நகர்த்தி, ஆணை போட்டு, மாவட்டத்துக்கு வந்து சேரும்போது எனக்கு அது பயன்படாது என்று எனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் நூல் தார் சுற்றும் ஒரு பெண்ணுக்கு 34 வயது. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் என்னிடம் வந்து, "அக்கா, ஒரு வருஷம் பார்க்கச் சொல்கிறார்கள், பார்க்கலாமா?" என்று கேட்டாள். அடுத்த நாளே இருவரையும் சேர்த்து அனுப்பி வைத்தேன். அவள் வீட்டுக்காரருக்கும் பரிசோதனை எழுதும்வரை எழுந்திருக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினேன். எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நர்ஸம்மா இந்த ஆண்டுக் கணக்கெடுப்புக்கு மறுபடி வருவார். அதற்குள் பதிவேட்டைத் திருத்தி அச்சடிக்க நேரம் இருக்கிறது. 'குழந்தை வேண்டும், எத்தனை மாதமாக முயற்சி, இருவருக்கும் பரிசோதனை ஆயிற்றா, எங்கே அனுப்பப்பட்டார்கள்' என்று ஒரே ஒரு கட்டம். மோர் இந்த ஆண்டும் எங்கள் வீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தறிக்கூடக் கணக்கர்